கம்பத்தில் தலைப்பிரசவம்: வலி வந்தால் எப்போது கிளம்புவது, யார் கூட வருவது?

மலையடிவாரப்பெண் | ஏப்ரல் 18, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இன்றைக்கு 36 வாரம் 2 நாள். தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து கம்பத்தில் அம்மா வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. கணவருக்குக் கோவையில் வேலை. சனிக்கிழமை வந்துவிட்டு ஞாயிறு இரவு பஸ் ஏறிவிடுகிறார். டாக்டர் சொன்ன தேதி மே 14.

இங்கே அரசு மருத்துவமனையில்தான் செக்கப் பார்க்கிறேன். தலை திரும்பிவிட்டது, இதயத்துடிப்பு சரியாக இருக்கிறது என்றார்கள். ரத்தம் (ஹீமோகுளோபின்) 10.2. ஏதாவது சிக்கல் என்றால் தேனியைத் தாண்டி க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவோம் என்றும் சொல்லிவிட்டார்கள். என் தேதியை ஒட்டித்தான் வீரபாண்டித் திருவிழா வேறு வருகிறது. அந்த எட்டு நாளும் தேனி ரோடு எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்.

நாலு நாளாக ராத்திரியில் வயிறு இறுக்கிப் பிடிக்கிறது. அம்மா சீரகக் கஷாயம் போட்டுத் தருகிறாள். அத்தை 38 வாரம் ஆனதும் விளக்கெண்ணெய் குடித்தால் பாதை இளகும் என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, பனிக்குடம் உடைந்த பிறகு போனால் போதும், முன்னாடியே போனால் ஊசி போட்டு வலி வரவைப்பார்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பயமாக இருக்கிறது என்று யாரிடம் சொன்னாலும் "எல்லாரும் பெத்துக்கிட்டுத்தானே இருக்காங்க" என்ற ஒரே பதில்தான் வருகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் அந்தப் பதில் எனக்கு எந்த உதவியும் செய்வதில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற சிஸ்டர் | ஏப்ரல் 18, இரவு 11.15

நான் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 31 வருஷம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பயம் இருக்கட்டும்மா, அதில் தப்பே இல்லை. பயந்த பெண்கள்தான் என்னிடம் ஒழுங்காகக் கேள்வி கேட்டார்கள், நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

முதலில் வலியைப் பற்றிச் சொல்கிறேன். உனக்கு இப்போது வருவதைச் சூட்டு வலி என்போம். அடிவயிற்றில் மட்டும் இறுக்கும், நேரக்கணக்கு இருக்காது, எழுந்து நடந்தாலோ திரும்பிப் படுத்தாலோ தளர்ந்துவிடும். பிரசவ வலி பெரும்பாலும் பின்னால் இடுப்பில் தொடங்கி, ஒட்டியாணம் பூட்டினது போல முன்னால் சுற்றி வரும். அது உச்சத்தில் இருக்கும்போது வயிற்றில் கை வைத்தால் விரல் அமுங்காது, அப்படியே கல்லாக இருக்கும். அப்புறம் தானாகத் தளரும். மறுபடி வரும். ஒவ்வொரு முறையும் இடைவெளி குறையும், நீளம் கூடும், நீ என்ன செய்தாலும் நிற்காது.

அம்மாவின் சீரகக் கஷாயத்தைக் குடி. சூட்டு வலி என்றால் கஷாயத்தில் அடங்கும், பிள்ளை வலி என்றால் கூடும் என்று நம் பாட்டிகள் சொன்னார்கள். சீரகத்துக்கு வலியைப் பிரித்தறியும் சக்தி கிடையாது. ஆனால் சீரகத்தை வறுத்து, கொதிக்கவைத்து, கருப்பட்டி போட்டு ஆற்றிக் குடித்துவிட்டு, சாய்ந்து உட்கார்ந்து காத்திருக்கிறாய் பார், அந்த ஒரு மணி நேரம்தான் சோதனை. பொய் வலி ஓய்வில் போய்விடும். மெய் வலி போகாது. அவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

கணக்கு இப்படி வைத்துக்கொள். ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்த வலி தொடங்கும் வரை எத்தனை நிமிஷம் என்று எழுது. ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம் நீளம், இதே மாதிரி ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பலாம். தலைப்பிரசவத்தில் முதல் கட்டம் ரொம்ப நேரம் இழுக்கும். ஒரு ராத்திரி முழுக்க வலித்து, விடிந்து பார்த்தால் கர்ப்பப்பை வாய் இரண்டு விரல்தான் திறந்திருக்கும். 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் மும்முரமான கட்டம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொல்லியிருக்கிறது. அதற்கு முன் வீட்டில் சாப்பிட்டு, குளித்து, நடந்து, தூங்க முடிந்தால் தூங்கி நேரத்தைக் கழிப்பது நல்லது. ஆஸ்பத்திரி தூரமாக இருந்தால் இந்தக் கணக்குக்குக் காத்திராமல் முன்கூட்டியே கிளம்ப வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்கா சொல்வது சரியில்லை. பனிக்குடம் சிலருக்குக் கடைசி வரை உடையாது. உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. சுத்தமான துணி வைத்து நிறத்தைப் பார். இளநீர் போல இருந்தால் நிதானமாகப் போகலாம். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் போயிருக்கிறது, ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதே. மாதவிலக்கு மாதிரி ரத்தம், விடாத தலைவலி, கண் மங்குவது, நெஞ்சுக்குக் கீழே வலி, திடீரென்று முகம் வீங்குவது, குழந்தை அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் கணக்குப் போடாமல் 108ஐக் கூப்பிடு. கொஞ்சம் சளி மாதிரி ரத்தக்கோடு கலந்து வந்தால் பயப்படாதே. கர்ப்பப்பை வாய் இளகத் தொடங்கியதற்கு அது அடையாளம், வலி வர இன்னும் ஒன்றிரண்டு நாள்கூட ஆகலாம்.

அசைவுக்கு ஒரு வழி: சாப்பிட்டுவிட்டு இடது பக்கம் ஒருக்களித்துப் படு. இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு எண்ணிவிட வேண்டும். நன்றாக உள்ள குழந்தை அதற்கு முன்பே எண்ணிக்கையை முடித்துவிடும்.

யார் கூட வருவது என்பதற்கு நாளை தனியாக எழுதுகிறேன். உன் கேள்விகளில் அதுதான் பெரியது. இப்போது தூங்கு.

இரட்டைப்பின்னல் | ஏப்ரல் 19, காலை 6.40

பையை இன்றைக்கே கட்டுங்கள் தோழி. எனக்கு 37ஆம் வாரத்திலேயே வந்துவிட்டது, அப்பாதான் பையைக் கட்டினார், உள்ளாடை ஒன்றுகூட இல்லை!

பழைய பருத்திப் புடவை இரண்டு, வேட்டி இரண்டு. துவைத்து, வெயிலில் காயவைத்து, நான்காகக் கிழித்து மடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த குழந்தைக்கு அதைவிட மெத்தென்ற துணி கடையில் கிடைக்காது. முன்பக்கம் திறக்கிற நைட்டி மூன்று. பெரிய அளவு நாப்கின். வெந்நீருக்கு பிளாஸ்க், மூடி போட்ட டம்ளர். குழந்தைக்குத் தொப்பி, காலுறை (மே மாதமானாலும் வேண்டும்). சார்ஜர். சில்லறைப் பணம்.

அப்புறம் ஒரு பிளாஸ்டிக் உறையில் தாய்சேய் நல அட்டை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம், ஆதார், வங்கிப் புத்தகத்தின் நகல். அட்டையில் பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிந்ததும் தரும் எண்) எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கும். கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகைக்கும் அதே எண்தான். ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து மொத்தம் 18,000 ரூபாய், அதில் 14,000 பணமாகக் கணக்கில் வரும். கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டால் எந்தத் தவணை நிற்கிறது என்று சொல்வார்.

உங்கள் ரத்த வகை என்ன? நெகட்டிவ் என்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குழந்தை பாசிட்டிவாக இருந்தால் பிறந்து 72 மணி நேரத்துக்குள் உங்களுக்கு ஆன்டி-டி ஊசி போட வேண்டும்.

மலையடிவாரப்பெண் | ஏப்ரல் 19, காலை 10.05

சிஸ்டர், ராத்திரி உங்கள் பதிலை இரண்டு முறை படித்துவிட்டுத் தூங்கினேன். இரட்டைப்பின்னல் அக்கா, அம்மா இப்போதே புடவை கிழிக்க உட்கார்ந்துவிட்டாள். ரத்தம் பி பாசிட்டிவ்.

மழைத்துளி | ஏப்ரல் 19, பிற்பகல் 2.30

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பயமுறுத்துவதற்காக இல்லை.

என் முதல் பிரசவம் வேறு மாவட்டத்தில் ஒரு பெரிய அரசு மருத்துவமனையில். அம்மாவை உள்ளே விடவில்லை. ஒரே அறையில் ஆறு கட்டில், ஆறு பேரும் கத்திக்கொண்டிருந்தோம். பதினோரு மணி நேரம் என் கையைப் பிடிக்க ஒரு ஆள் இல்லை. கத்தினதற்குத் திட்டு வாங்கினேன், அந்த வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன். கடைசியில் ஒருவர் ஸ்டூலில் ஏறி நின்று வயிற்றை அமுக்கினார். மகனுக்கு இப்போது எட்டு வயது. அந்த ஸ்டூலின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இரண்டாவதற்குக் கடன் வாங்கி தனியாருக்குப் போனேன். எல்லோரும் அன்பாகப் பேசினார்கள். வலி தொடங்கி நாலு மணி நேரத்தில் "கொடி சுத்தியிருக்கு" என்று சொல்லி ஆபரேஷன் செய்துவிட்டார்கள். குழந்தையின் துடிப்பு குறைந்ததா என்று கேட்கக்கூட எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. அதனால் தோழி, எங்கே போனாலும் உங்களுக்காகப் பேசுகிற ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அரசா தனியாரா என்பதைவிட எனக்கு இதுதான் பெரியதாகத் தெரிகிறது.

ஓய்வுபெற்ற சிஸ்டர் | ஏப்ரல் 19, மாலை 5.20

மழைத்துளி, உனக்கு நடந்தது தப்பு. அந்த உடுப்பைப் போட்டிருந்தவள் என்ற முறையில் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். வயிற்றை அமுக்கிப் பிள்ளையை வெளியே தள்ளுவதை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை. எங்கள் காலத்தில் மூத்தவர்கள் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள் இருந்தார்கள். நானும் ஆரம்பத்தில் இரண்டு முறை செய்திருக்கிறேன். பிறகு நிறுத்திவிட்டேன்.

கொடி சுற்றுவது நிறையப் பிரசவங்களில் நடப்பது. தலை வெளியே வந்ததும் விரலால் கொடியை எடுத்துவிட்டு மீதியைப் பார்ப்போம். துடிப்பு 110க்குக் கீழே போய் ஏறாமல் நின்றால் அது வேறு கதை, அப்போது ஆபரேஷன் உயிரைக் காப்பாற்றும். சுற்றியிருக்கிறது என்பது மட்டும் காரணமாகாது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019-21) நம் மாநிலத்தில் நூற்றுக்கு 44.9 பிரசவம் சிசேரியன். தனியாரில் 63.8, அரசில் 36.0. அரசு எண்ணும் குறைவில்லை. அதில் சிக்கலான கேஸ்களை அரசுக்கே அனுப்புவதும் சேர்ந்திருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

சரி, நேற்று பாக்கி வைத்த கேள்விக்கு வருகிறேன். பிரசவ அறையில் ஒரு துணை இருக்கலாம் என்று நம் மாநில அரசு மருத்துவமனைகளில் 2004இலேயே திட்டம் கொண்டுவந்தார்கள். அதை நடைமுறையில் விடுகிறார்களா என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. அதனால் மலையடிவாரம், அடுத்த செக்கப்பில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், "நான்தான் கூட இருப்பேன்" என்று அங்குள்ள சிஸ்டரிடம் அம்மாவே சொல்லட்டும். முகம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிரசவ அறையை ஒரு தடவை காட்டச் சொல். கட்டில் எங்கே, கழிவறை எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்.

துணை என்பது வெறும் ஆறுதலுக்கு என்று நினைக்காதீர்கள். 15,000 பேருக்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் கோக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்டது. தொடர்ந்து ஒருவர் கூடவே இருந்தால் வலி நேரம் குறைகிறது, சிசேரியன் குறைகிறது, சுகப்பிரசவம் கூடுகிறது என்று அதில் வந்தது. இதற்கு மருந்தும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.

ஆனால் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடு. உன்னைவிட அதிகமாக அழுகிற ஆள் வேண்டாம். தன் பிரசவத்தில் பட்ட கஷ்டத்தை அந்த நேரத்தில் வந்து சொல்கிற ஆளும் வேண்டாம்.

கோவை அப்பா | ஏப்ரல் 19, இரவு 8.45

ஆண்கள் இங்கே எழுதலாமா தெரியவில்லை. மூன்று மாதம் முன்புதான் நான் பிரசவ அறையில் நின்றேன், தனியார் என்பதால் விட்டார்கள். உங்கள் கணவரிடம் இதைக் காட்டுங்கள் சகோதரி.

எனக்கு முன்கூட்டியே யாரும் சொல்லித்தராதது ஒன்று உண்டு. வலி வரும்போது உள்ளங்கையின் அடிப்பகுதியை அவள் இடுப்புக்குக் கீழே, வால் எலும்புக்கு மேலே வைத்து அழுத்த வேண்டும். தடவக் கூடாது. கதவைத் தள்ளுவது போல, உடம்பு எடை முழுவதையும் கொடுத்து அழுத்த வேண்டும். முதலில் மெதுவாகத் தடவினேன், கையைத் தட்டிவிட்டாள். அங்கிருந்த ஆயா அம்மா என் கையைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தார். அதற்குப் பிறகு ஏழு மணி நேரம் ஒவ்வொரு வலிக்கும் "அமுக்கு" என்ற ஒரே சொல்தான் அவளிடமிருந்து வந்தது. மறுநாள் எனக்கு மணிக்கட்டு மடங்கவில்லை.

இடையில் ஒரு மடக்கு தண்ணீர், கழுத்தில் ஈரத்துணி. "ரொம்ப வலிக்குதா" என்று கேட்க வேண்டாம். வலி அடங்கின பிறகு பேசலாம், வலியில் பேசக் கூடாது.

38 வாரத்திலிருந்து லீவு சொல்லி வைக்கச் சொல்லுங்கள். கோவையிலிருந்து கம்பத்துக்கு ராத்திரியில் பஸ் மாறி வந்து சேர்வதற்குள் எதுவும் நடந்துவிடலாம். ரத்தம் கொடுக்க இரண்டு பேரை ஊரிலேயே பேசி வைப்பதும் அவர் வேலைதான்.

செட்டிநாட்டுச்சமையல் | ஏப்ரல் 20, காலை 11.10

கணவர் உள்ளே வருவதெல்லாம் அவரவர் விருப்பம். எனக்கு அந்த நேரத்தில் அவர் பார்ப்பதில் சங்கடம்தான் இருந்திருக்கும். என் அம்மாவும் பெரியம்மாவும் இருந்தார்கள், அதுவே எனக்கு நிம்மதி.

ஆனால் விளக்கெண்ணெயை ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தேதி நெருங்கியதும் கொடுத்திருக்கிறார்கள். எனக்கும் கொடுத்தார்கள், மறுநாளே வலி வந்து சுகப்பிரசவம் ஆனது. பெரியவர்கள் காரணமில்லாமல் செய்ய மாட்டார்கள்.

ஓய்வுபெற்ற சிஸ்டர் | ஏப்ரல் 20, பிற்பகல் 12.30

செட்டிநாடு, உங்களுக்கு நல்லபடியாக ஆனதில் சந்தோஷம். ஆனால் தேதி நெருங்கிய பெண்ணுக்கு மறுநாள் வலி வருவது எண்ணெய் குடிக்காவிட்டாலும் நடக்கும். நான் பார்த்தது வேறு. எண்ணெய் குடித்து எட்டு தடவை வயிற்றாலே போய், நாக்கு வறண்டு, கால் நடுங்க வந்த பெண்களுக்கு முதலில் குளுக்கோஸ் ஏற்றித்தான் பிரசவம் பார்த்திருக்கிறேன். முக்க வேண்டிய நேரத்தில் உடம்பில் தெம்பு இருக்காது. பேதி எடுத்தவளுக்கு வயிறு முறுக்குவதையும் பிரசவ வலியையும் பிரித்துச் சொல்ல முடியாது. இந்தப் பெண்ணுக்கு ரத்தமே 10.2. வேண்டவே வேண்டாம்.

பெரியவர்கள் சொன்னதில் நான் வைத்துக்கொள்வது நடப்பதும் குனிந்து நிமிர்ந்து வேலை செய்வதும். வலி தொடங்கிய பிறகு படுத்தே கிடக்காமல் நடப்பது, உட்காருவது, கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பது எல்லாம் முதல் கட்டத்தை ஏறக்குறைய ஒரு மணி நேரம் சுருக்குகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை சாப்பிடட்டும். இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு போடாமல் எலுமிச்சை சாற்றோடு போடட்டும்.

செட்டிநாட்டுச்சமையல் | ஏப்ரல் 20, பிற்பகல் 1.15

ரத்தம் குறைவு என்பதை நான் கவனிக்கவில்லை சிஸ்டர். அந்த நிலையில் நானும் கொடுக்கச் சொல்ல மாட்டேன். அத்தையிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அந்தப் பெண்ணுக்குச் சிக்கல். "டாக்டர் வேணாம்னுட்டாங்க" என்று சொல்லச் சொல்லுங்கள், மனஸ்தாபம் வராது.

தையல்தழும்பு | ஏப்ரல் 20, இரவு 10.30

எனக்கு இரண்டும் சிசேரியன். இங்கே எல்லோரும் சுகப்பிரசவத்துக்குத்தான் தயாராகச் சொல்கிறார்கள். அதற்கும் தயாராகுங்கள், ஆபரேஷனுக்கும் ஒரு ஓரத்தில் தயாராகுங்கள். நான் தயாராக இல்லை. பதினாறு மணி நேர வலிக்குப் பிறகு தலை இறங்கவில்லை என்று கையெழுத்துக் கேட்டபோது எதிலோ தோற்றுவிட்ட மாதிரி அழுதேன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துவிடும், நினைவு இருக்கும், வயிற்றை யாரோ துழாவுவது தெரியும் ஆனால் வலிக்காது, குழந்தையின் அழுகையை அங்கேயே கேட்கலாம் என்று யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால் அவ்வளவு நடுங்கியிருக்க மாட்டேன்.

பிறகு எழுந்திருக்கும்போது ஒருக்களித்துப் புரண்டு, கையை ஊன்றி எழுங்கள். நேராக எழுந்தால் தையல் இழுக்கும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அணைத்துக்கொள்ளுங்கள். குழந்தையை அக்குளுக்குக் கீழே இடுக்கிக்கொண்டு பால் கொடுத்தால் தையலில் படாது. அரசு மருத்துவமனையில் சிசேரியனும் மருந்தும் சாப்பாடும் இலவசம், 2011இலிருந்து மத்திய அரசுத் திட்டமே இருக்கிறது. ஏதாவது வாங்கிவரச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

மலையடிவாரப்பெண் | ஏப்ரல் 27, மாலை 6.15

செக்கப் போய்வந்தேன். அம்மா நீங்கள் சொன்னபடியே சிஸ்டரிடம் பேசினாள். "தாராளமா இருங்கம்மா, ஆனா உள்ள வந்து அழக்கூடாது" என்றார்கள். பிரசவ அறையைக் காட்டினார்கள். நினைத்ததைவிடச் சின்ன அறை, சுவரில் பெரிய கடிகாரம். ஏனோ பார்த்த பிறகு பயம் கொஞ்சம் குறைந்தது. ராத்திரி யோசிக்கும்போது இப்போது அந்த அறைதான் நினைவில் வருகிறது, முன்பு வந்த இருட்டு இல்லை.

திருவிழா நாளில் க.விலக்குக்குப் போக நேர்ந்தால் என்ன வழி என்று 108 டிரைவர் அண்ணனிடமே கேட்டேன். மாற்றுப்பாதை தெரியும், ஆனால் அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அத்தையிடம் டாக்டர் பெயரைச் சொல்லிவிட்டேன். ரத்தம் 10.6.

கோவை அப்பா | மே 9, காலை 7.00

சகோதரி, 39 வாரம் தாண்டியிருக்குமே. எப்படி இருக்கிறீர்கள்?

மழைத்துளி | மே 12, இரவு 9.20

மூன்று நாளாகப் பதில் இல்லை. நல்ல சேதியாகத்தான் இருக்க வேண்டும்.

மலையடிவாரப்பெண் | மே 16, பிற்பகல் 3.40

பெண் குழந்தை. மே 11 மாலை 4.10க்குப் பிறந்தாள். 2 கிலோ 800. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். சுகப்பிரசவம், நாலு தையல். அவள் தூங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக இதை எழுதுகிறேன்.

10ஆம் தேதி ராத்திரி பதினொன்றரைக்கு இடுப்பில் ஆரம்பித்தது. ஒட்டியாணம் என்று சிஸ்டர் எழுதியது ஞாபகம் வந்தது. அம்மா எழுந்து சீரகத்தை வறுத்தாள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வீடு முழுக்க சீரக வாசனை. குடித்துவிட்டு உட்கார்ந்தேன், நிற்கவில்லை. அப்பா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நேரம் எழுதினார்: 12.40, 12.52, 1.03. எழுதி எழுதி ஒரு தாள் தீர்ந்து அடுத்த தாள். கணவர் 8ஆம் தேதியே வந்துவிட்டதால் அவருடன் வாசலில் நடந்தேன். நாலு மணிக்கு ஐந்து நிமிஷத்துக்கு ஒன்றானது. ஐந்து மணிக்கு ஆட்டோவில் போனோம்.

போய்ப் பார்த்தால் மூன்று சென்டிமீட்டர்தான். ராத்திரி முழுக்க வலித்ததற்கு மூன்றா என்று அழுகை வந்தது. நம் சிஸ்டர் இங்கே முன்னாடியே எழுதியிருந்தாரே என்று அழாமல் இருந்தேன். இட்லி சாப்பிடச் சொன்னார்கள், இரண்டு சாப்பிட்டேன். வளையலைக் கழற்றச் சொன்னார்கள். வளைகாப்புக் கண்ணாடி வளையல் எல்லாவற்றையும் அம்மா ஒவ்வொன்றாகக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பத்தரைக்கு பனிக்குடம் உடைந்தது, தண்ணீர் தெளிவாக இருந்தது. அதற்குப் பிறகு வந்த வலி வேறு ரகம். கோவை அண்ணா எழுதியதை அம்மாவுக்கு முன்னாடியே படித்துக் காட்டியிருந்தேன். அம்மா தன் எடை முழுவதையும் போட்டு அமுக்கினாள். ஒரு மணிக்கு ஆறு சென்டிமீட்டரில் நின்றுவிட்டது. இரண்டு மணி வரை பார்ப்போம், இல்லையென்றால் அனுப்பலாம் என்று டாக்டர் சொல்வது காதில் விழுந்தது. திருவிழாக் கூட்டம்தான் எனக்கு முதலில் நினைவு வந்தது. வலி ஊசியைக் குளுக்கோஸில் கலந்து ஏற்றினார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில், வலிக்கும் வலிக்கும் நடுவே, நான் பிறந்த ராத்திரியை அம்மா சொன்னாள். 108 இல்லாத காலம். திராட்சைப் பெட்டி ஏற்றுகிற வண்டியில் சாக்கு விரித்து அவளைப் படுக்கவைத்து இதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்களாம். வண்டி முழுக்கத் திராட்சை வாசனையாம். அதனால்தான் அவள் இன்றுவரை திராட்சை சாப்பிடுவதில்லையாம். இத்தனை வருஷத்தில் எனக்கு இது தெரியாது. அடுத்த வலி வந்தால் நிறுத்துவாள், போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். கதை முடியும்போது எட்டு சென்டிமீட்டர் என்றார்கள்.

முக்கச் சொன்ன கடைசி முக்கால் மணி நேரத்தைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை. யாரும் திட்டவில்லை. யாரும் வயிற்றை அமுக்கவில்லை. "தலைமுடி தெரியுதும்மா" என்று சிஸ்டர் சொன்னதும் அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "நிறைய முடி" என்றாள். பிறந்ததும் துடைத்து நேராக என் நெஞ்சில் போட்டார்கள். கொடியை உடனே வெட்டவில்லை, கொஞ்சம் பொறுத்துத்தான் வெட்டினார்கள். வழுவழுவென்று, சூடாக, என்னைவிட வேகமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அரை மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்துவிட்டாள். பிறகு பிசிஜி ஊசி, சொட்டு மருந்து, மஞ்சள்காமாலை ஊசி எல்லாம் போட்டார்கள்.

அம்மா முந்தானையை அவிழ்த்து வளையல்களைப் பிரசவம் பார்த்த சிஸ்டரிடம் கொடுத்தாள். எங்கள் பக்கத்தில் மருத்துவச்சிக்குக் கொடுப்பது வழக்கம். அவர் வேண்டாம் என்று சொல்லாமல் அங்கேயே ஒரு கையில் இரண்டு போட்டுக்கொண்டார்.

மழைத்துளி அக்கா, உங்களை அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

மழைத்துளி | மே 16, மாலை 4.25

படித்துவிட்டு நன்றாக அழுதேன் தங்கச்சி. குழந்தைக்கு என் முத்தம்.

இரட்டைப்பின்னல் | மே 16, மாலை 5.00

வாழ்த்துகள்! பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்தே அனுப்பிவிடுவார்கள், இருந்தாலும் உங்கள் பெயர், கணவர் பெயர் எழுத்துப்பிழை இல்லாமல் போயிருக்கிறதா என்று டிஸ்சார்ஜ் தாளை வைத்துச் சரிபார்த்துவிடுங்கள். குழந்தை பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

மலையடிவாரப்பெண் | மே 17, காலை 9.30

அத்தை குழந்தைக்குச் சேனை (நாக்கில் முதல் இனிப்பு) தொட்டு வைக்க வேண்டும் என்று சர்க்கரைத் தண்ணீரோடு நிற்கிறார் சிஸ்டர். தையல் வேறு உட்கார விடமாட்டேன் என்கிறது. பத்தியம் என்று தண்ணீரையும் அளந்துதான் தருகிறார்கள்.

ஓய்வுபெற்ற சிஸ்டர் | மே 17, காலை 10.45

தங்கம், முதலில் தண்ணீர். தாகத்துக்குத் தேவையான அளவு குடி, பால் ஊறுவதற்கே அதுதான் வேண்டும். பூண்டுக் குழம்பு, பால் சுறாப் புட்டு, பிரசவ லேகியம் எல்லாம் சாப்பிடு, நல்லதுதான். காயையும் பருப்பையும் குறைக்க விடாதே.

சேனை வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம். அத்தை மனசு நோகாமல் இருக்க, உன் பாலை ஒரு சொட்டு விரலில் எடுத்து அவரையே குழந்தை உதட்டில் தொட்டு வைக்கச் சொல். கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரட்டும். இதற்கு மறுத்த அத்தையை நான் இதுவரை பார்த்ததில்லை.

தையலுக்கு, அகலமான பேசினில் இளஞ்சூடான தண்ணீர் விட்டு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை பத்து நிமிஷம் உட்கார். ஒவ்வொரு முறையும் முன்னிருந்து பின்னாகத் துடைத்து, உலர்வாக வை. மணிக்கொரு நாப்கின் நனைகிற அளவு ரத்தம், கெட்ட வாடை, காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, கண் மங்குகிற தலைவலி, காரணமில்லாமல் நாளெல்லாம் அழுகை, இதில் எது வந்தாலும் நாற்பது நாள் முடியட்டும் என்று காத்திராமல் உடனே போய்க் காட்டு.

குழந்தைக்கு அடுத்த ஊசி ஆறு வாரம் முடிந்ததும். புதன்கிழமைதான் ஊசி நாள், உங்கள் செவிலியரிடம் தேதியை இப்போதே எழுதி வாங்கிக்கொள். அன்றைக்கு உன் ரத்தத்தையும் ஒரு தடவை பார்க்கச் சொல்.